பெயர் சூட்டு விழா

நைஜீரியாவின் லாகோஸ் நகர ஓரத்தில் அறைகளை வாடகைக்கு விட்டிருந்த மோரெனிகே, பாதி ஆயுளைத் தண்ணீர் லாரியோடு சண்டை போட்டே கழித்தவள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தெருவில் போதுமான ஆட்கள் இருந்தால்தான் மாநகர எல்லைக்குள் சேர்ப்பார்கள், குழாய் வரும். குடித்தனக்காரர்களோ சொந்த ஊரில் போய் எண்ணப்பட மூட்டை கட்டினார்கள்.

"தலை அங்கே, குடம் மட்டும் இங்கேயா?" என்று ஏசினாள். யாரும் கேட்கவில்லை.

உடனே, கணக்கெடுக்கும் நாளில் தன் வீட்டில் குழந்தைக்குப் பெயர் சூட்டு விழா, ஆட்டுக்கறியோடு ஜொலோஃப் சோறு என்று அறிவித்தாள். ஒரு மூட்டையும் நகரவில்லை.

எல்லோரையும் எண்ணி முடித்ததும் கோலா என்ற கணக்கெடுப்பாளன் கேட்டான்: "குழந்தை எங்கம்மா?"

"இந்தத் தெருதான்யா. இன்னைக்குத்தான் மாநகரத்துல பொறந்திருக்கு. பேரை எழுதிட்டு நீயும் சாப்பிட உக்காரு."