எண்ணெய்த் தாங்கிக்குள் இராஜசிங்கம்

கடலே இல்லாத நாட்டில் நீர்மூழ்கிக் கப்பல் நாடகம் போட ஒருவருக்கு ஆசை வந்தால் வீட்டில் யாராவது தடுத்திருக்க வேண்டும். ஹெர், அதாவது திருவாளர், கெர்பரைத் தடுக்க யாரும் இல்லை. அவர் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். துன் நகரத்துக்குப் பக்கத்துக் கிராமமொன்றில் நாடக மன்றம் நடத்துகிறார். இரண்டாம் உலகப் போரின் கடைசியில் ஜப்பான்காரர் டோர்பிடோ என்ற நீரடிக் குண்டுக்குள்ளேயே ஆளை உட்கார்த்தி எதிரிக் கப்பல்மேல் ஏவினார்கள். அதைப் பற்றித்தான் நாடகம். அந்த ஆளாக நடிக்க அவர் பிடித்தது எங்கள் இராஜசிங்கத்தை.

இராஜசிங்கமும் நானும் ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில் கோப்பை கழுவுகிறோம். கெர்பர் அங்கே சாப்பிட வருகிறவர். மன்றத்து ஆட்கள் எல்லோரும் பனைமர உயரம். டோர்பிடோவோ ஒரு விவசாயியின் பழைய எண்ணெய்த் தாங்கி, மூடி போட்ட தகரத் தொட்டி. சீஸ் செய்கிறவருக்கு அதன் வாய்க்குள் தோள் நுழையவில்லை. தபால்காரர் பீட்டுக்குத் தலையே நுழையவில்லை. குள்ளமான ஆள் தேடி அலைந்த கெர்பர் இராஜசிங்கத்தைக் கண்டதும், "ஜப்பான்காரர் மாதிரி நீங்களும் தீவிலிருந்து வந்தவர்தானே!" என்று கையைப் பிடித்துக்கொண்டார். டோர்பிடோவில் போனவர்களுக்கு வயது இருபது. இராஜசிங்கத்துக்கு ஐம்பத்து நான்கு, தொப்பை வேறு. பருத்தித்துறைக் கடற்கரையில் பிறந்தும் நீந்தத் தெரியாதவர். மேடை இருட்டில் ஒன்றும் தெரியாது என்று கெர்பர் சொல்லிவிட்டார்.

மனுசனுக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருடமாக இந்த நாட்டில் அவர் பெயர் எழுத்தில் இருந்தது வதிவிடப் பெர்மிட் அட்டையில் மட்டும்தான். இப்போது கடை வாசல்களில் சுவரொட்டியின் ஓரம் முட்ட நீண்டு கிடந்தது. வசனம் ஒன்றே ஒன்று. கப்பல் தலைவனாக நடிக்கும் பீட் சல்யூட் அடிக்க, இவர் தாங்கிக்குள் ஒரு காலை வைத்து, "நான் போகிறேன்" என்று ஜெர்மன் மொழியில் சொல்ல வேண்டும்.

பிரச்சினை வீட்டில் வெடித்தது.

"அந்தச் சொல்லு எங்கட வாயில வரக்கூடாது," என்றா அவருடைய மனைவி சிவகலா.

"இஞ்சேருமப்பா, இது நாடகம்."

"நாடகமெண்டாலும் வாய் உங்கட வாய்தானே?"

எங்கள் ஆட்கள் யாரும் 'போறன்' என்று சொல்லிப் படியிறங்குவதில்லை. 'போட்டு வாறன்', போய்விட்டு வருகிறேன், என்போம். நிற்கிறவர் 'ஓம், போட்டு வாங்கோ' என்பார். சிவகலா வீட்டில் அது சட்டம். குப்பைப் பையோடு கீழே போகிறவரும் சொல்லிவிட்டு, பதில் வரும்வரை வாசலில் நிற்க வேண்டும். தாய் குளித்துக்கொண்டிருந்ததால் பதில் கிடைக்காமல் மகன் பஸ்ஸை விட்ட கதையெல்லாம் உண்டு. நாங்கள் சிரிப்போம். ஆனால் காரணம் சிரிக்கிற காரணம் அல்ல. ஊரில் சைக்கிளுக்காக ஒருநாள் அவவுக்கும் தம்பிக்கும் சண்டை. அவன் 'போறன்' என்றான். இவ 'போ' என்றா. அவன் இயக்கத்துக்குப் போனான், சண்டை பிடிக்கக் கடலுக்குப் போனான். எரிக்கக்கூட உடம்பு வரவில்லை.

இராஜசிங்கத்துக்கு நாடகமும் வேண்டும், வீடும் வேண்டும். என்னையும் கூட்டிக்கொண்டு கெர்பரிடம் போய், 'போய் வருகிறேன்' என்று மாற்றலாமா எனக் கேட்டார்.

"அவன் வருவதில்லை, ஹெர் இராஜசிங்கம்! வந்தால் நாடகமே இல்லை!"

"ஒருத்தரும் வரவில்லையோ?"

கெர்பர் நேர்மையான மனிதர். இயந்திரம் பழுதாகிக் கிளம்பாமல் திரும்பியவர்கள் உண்டு என்று ஒப்புக்கொண்டார். அவர்கள் வெட்கப்பட்டு, மறுபடி அனுப்பச் சொல்லிக் கேட்டார்களாம்.

"விசரங்கள்," என்றார் இராஜசிங்கம் என் பக்கம் திரும்பி. "வீட்டுக்காரர் எவ்வளவு சந்தோசப்பட்டிருப்பினம்!"

வழி சொன்னது தபால்காரர் பீட். தமிழிலேயே சொல்லட்டும், சனம் ஜப்பான் மொழி என்று நினைக்கும். கெர்பர் தலையில் கைவைத்துக்கொண்டு சம்மதித்தார்.

முதல் நாள் மண்டபம் நிறைந்திருந்தது. மழைக்கோட்டுப் போட்ட மாலுமிகள் கப்பலுக்குள் கூனிக்கொண்டு நின்றார்கள். நெற்றியில் வெள்ளைத் துணி கட்டிய இராஜசிங்கம் தாங்கிக்குள் ஒரு காலை வைத்து, "போட்டு வாறன்," என்றார்.

"ஓம், போட்டு வாங்கோ," என்றா மூன்றாம் வரிசையில் இருந்து சிவகலா.

வேண்டுமென்று சொல்லவில்லை, பழக்கம். சொன்ன பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டா. மண்டபமே சிரிக்கப்போகிறது என்று நினைத்தேன். ஆனால் யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசைக் கிழவிகள் கைக்குட்டை எடுத்தார்கள். ஜப்பானிய மனைவியைப் பார்வையாளர் நடுவே உட்கார வைத்த துணிச்சலை ஊர்ப் பத்திரிகை புகழ்ந்தது. கெர்பர் அதைத் தன் யோசனை என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார். பிறகு எல்லாக் காட்சிக்கும் சிவகலாவுக்கு அதே கதிரை. வேலை முடிந்து வந்து குந்தி, நேரம் வந்ததும் விடைகொடுத்துவிட்டுப் போவா.

கடைசிக் காட்சிக்கு நான் மறுபடியும் போனேன். இராஜசிங்கம் வழமைபோலச் சொன்னார். பதில் வரவில்லை. அவர் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே காத்து நின்றார். பதில் இல்லாமல் போய்ப் பழக்கமில்லாத மனுசன். நான் திரும்பிப் பார்த்தேன். சிவகலா எழுந்து நின்றா.

"போட்டு வாடா, தம்பி."

இராஜசிங்கம் அவவையே பார்த்தார். பிறகு உள்ளே இறங்கி மூடியை இழுத்துக்கொண்டார். தாங்கிக்குள் அவர் அழுதது வெற்றுத் தகரத்தில் மோதி மண்டபம் முழுக்கக் கேட்டது. மாலுமிகள்தான் தாங்கியைத் தள்ள வேண்டும். ஒருவரும் தள்ளவில்லை. பீட் சல்யூட் அடித்த கையை இறக்கவும் மறந்து நின்றார். திரைக்குப் பின்னாலிருந்து கெர்பர், "தள்ளுங்கள், தள்ளுங்கள்!" என்று சீறினார்.

மூடி திறந்தது. வெள்ளைத் துணி சரிந்த தலை வெளியே வந்தது.

"வந்திட்டனக்கா," என்றார் இராஜசிங்கம்.

சிவகலா கதிரையில் விழுந்து வாய்விட்டு அழுதா. எனக்கும் அடக்க முடியவில்லை. கெர்பர் திரையை இழுத்தார். அப்படித் திரும்பி வந்தவர்கள் உண்டு என்று சொன்னவரே அவர்தானே.