எண்ணெய்ச் சட்டி வைக்காத கிறிஸ்துமஸ்

1994 டிசம்பர் 24, சனிக்கிழமை. காலை ஆறு பத்துக்குச் சென்னையில் பஸ் ஏறினேன். திருவண்ணாமலைக்கு நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர், டிக்கெட் முப்பத்திரண்டு ரூபாய். மடியில் பிளம் கேக், பையில் காகித நட்சத்திரமும் மருந்துக்கடைப் பஞ்சு ஒரு சுருளும். குடிலின் மேல் பஞ்சைப் பிய்த்துப் போட்டு அதைப் பனி என்று நம்புகிற கூட்டம்தானே நாங்கள்.

ஜெர்மனியில் ஒன்பது வருஷம் எங்களுக்கு வீடு கொடுத்தவர் ஹெல்கா அம்மாள். போன மார்ச்சில் அவர் கணவர் ஓட்டோ இறந்துபோனார். அக்டோபரில் அவர் தனியாகத் திருவண்ணாமலைக்கு வந்து, செங்கம் சாலைப் பக்கம் அறை எடுத்துத் தங்கிவிட்டார். போன வாரம் கடிதம் வந்தது. "எனக்கு இந்த வருஷம் கிறிஸ்துமஸ் இல்லை. இனி எந்த வருஷமும் வேண்டாம்." படித்துவிட்டு என் மனைவி மெர்சி அழுதாள். எங்கள் முதல் கிறிஸ்துமஸுக்கு முழங்கால் ஆழப் பனியை வாரித் தள்ளி, எங்கள் வாசலிலிருந்து தம் வாசல் வரை வழி போட்டுக் கூட்டிப்போன மனிதர் ஓட்டோ. அப்படிப்பட்ட வீட்டில் பண்டிகை நின்றுபோக விடலாமா? மெர்சிக்குப் பள்ளியில் விழா இருந்ததால் நான் மட்டும் கிளம்பினேன்.

திண்டிவனத்தில் டீ. செஞ்சிக்கோட்டையைத் தாண்டியதும் வெயில் ஏறி ஸ்வெட்டரைக் கழற்றினேன். பதினொன்றரைக்குத் திருவண்ணாமலை. ஆட்டோக்காரர் இருபது கேட்டார், பதினைந்துக்கு வந்தார்.

"வெளிநாட்டுக்காரங்க வூடா சார்? அவங்களுக்கு நாளைக்குப் பண்டிகையாச்சே. இங்க வந்து இன்னா பண்ணுவாங்க?"

"அதுக்குத்தான் நான் வந்திருக்கேன்" என்றேன் பெருமையாக.

ஹெல்கா அம்மாள் மெலிந்திருந்தார். என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் குளிக்கப் போன நேரத்தில் நான் வாசலில் நட்சத்திரத்தைக் கட்டி, ஜன்னல் விளிம்பில் பஞ்சைப் பரப்பினேன். திரும்பி வந்தவர் பஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது பனியா?" என்று ஜெர்மனில் கேட்டார். "அந்தப் பனியைப் பார்க்க முடியாமல்தானே இவ்வளவு தூரம் ஓடி வந்தேன். அங்கே எல்லாரும் சிரி, பாடு, ஓட்டோவும் அதைத்தான் விரும்புவார் என்கிறார்கள். நீயுமா?"

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காய் முடிந்தது. என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

மாலை ஐந்து மணி. வீட்டுக்காரம்மா சரோஜா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு என்னிடம் வந்தார்.

"இன்னாங்க, அம்மா மதியம் சாப்புடவே இல்ல? நாளைக்கு அவங்க பண்டிகையாச்சே."

விஷயத்தைச் சொன்னேன். அவர் வாயில் கையை வைத்தார்.

"மார்ச்லயா? மூணு மாசமா இருக்காங்க, வாயத் தொறந்து சொல்லலியே. நீங்க படிச்சவர்தான? வருஷம் திரும்பாத வூட்ல போயி நட்சத்திரம் கட்டலாமா? அவுருங்க மொதல்ல."

அவிழ்த்தேன். நாற்பத்தாறு வயதில் அப்படித் திட்டு வாங்கியது நன்றாகவே இருந்தது.

25, ஞாயிறு. விடியும் முன்பே மார்கழிப் பாட்டு ஒலிபெருக்கியில் தொடங்கிவிட்டது. ஏழு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. குளித்து ஈரத் தலையோடு சரோஜா, பின்னால் தெருப்பெண்கள் நாலு பேர். தட்டுகளில் வடை, அதிரசம், சுழியம். ஒருத்தி மட்டும், பலகாரத்துக்கு நேரமில்லை என்று எலுமிச்சைச் சாதம் கிண்டி வந்திருந்தாள்.

"நான் சொல்றத அப்படியே அவங்க பேச்சுல சொல்லுங்க" என்று சரோஜா எனக்கு உத்தரவு போட்டார். "அம்மா, எங்க ஊர்ல துக்கம் நடந்த வூட்ல ஒரு வருஷத்துக்குப் பண்டிகைக்கு எண்ணெச் சட்டி வெக்க மாட்டாங்க. அதுக்காகச் சும்மா இருக்க வுட மாட்டோம். பக்கத்து வூட்டுக்காரங்க செஞ்சி கொண்டாந்து குடுப்போம். நீங்க சிரிக்க வேணாம். அழுவுறதுன்னா அழுங்க. சாப்புட்டா போதும். வருஷம் திரும்பினப்புறம் நீங்க செஞ்சி எங்களுக்குக் குடுங்க."

மொழிபெயர்த்தேன். ஹெல்கா அம்மாள் ஒவ்வொருத்தியின் முகத்தையும் பார்த்தார். பிறகு தரையில் உட்கார்ந்து, சரோஜாவின் தோளில் முகத்தை வைத்து, வெட்கமில்லாமல் வெகுநேரம் அழுதார். யாரும் "அழாதீங்க" என்று சொல்லவில்லை. சரோஜா ஒரு அதிரசத்தைப் பிட்டுக் கையில் கொடுத்தார்.

அதைத் தின்றுகொண்டே அவர் ஓட்டோவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். கிறிஸ்துமஸ் பிஸ்கட் சுடுவது எப்போதும் ஓட்டோதானாம். பட்டையும் கிராம்பும் அள்ளிப் போட்டுவிட்டு, வீட்டுக்காரியை அடுப்படிப் பக்கமே விடமாட்டாராம். "எங்க வூட்டுக்காரருக்கு அடுப்பு எங்க கீதுன்னே தெரியாது" என்று ஒருத்தி சொல்ல, நான் மொழிபெயர்க்க, ஹெல்கா அம்மாள் சிரித்துவிட்டார். எனக்கு அப்பாடா என்று இருந்தது.

இப்படி ஒரு வழக்கம் எங்கள் சொந்தத்திலும் இருந்தது. என் அப்பா இறந்தபோது நாங்கள் ஜெர்மனியில் இருந்தோம். நான் யாரிடமும் சொல்லாமல் அந்த டிசம்பரில் மரம் வாங்கி, விளக்குப் போட்டு, ஆபீஸ் நண்பர்களோடு பாடினேன். பனி அந்த வருஷம் பிரமாதமாகப் பெய்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

பதினொரு மணி பஸ்ஸுக்கு வழியனுப்ப ஹெல்கா அம்மாள் பஸ் ஸ்டாண்டு வரை வந்தார். வண்டி நகரும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார்.

"சரோஜாவின் தெருவில் மொத்தம் எத்தனை வீடு?"

"பதினாலு இருக்கும். ஏன்?"

"அப்படியானால் அடுத்த டிசம்பரில் நீங்கள் இரண்டு பேரும் முன்கூட்டியே வந்துவிடுங்கள். அவ்வளவு மாவை நான் ஒருத்தியாகப் பிசைய முடியாது."