அண்ணன் பரிந்துரைத்த பண்ணை வீடு

அடுத்த மாதம் நானும் கணவரும் இத்தாலிக்குப் போகிறோம். அண்ணா பதினைந்து வருடமாக அங்கேதான் வேலை செய்கிறார்.

இன்று காலை குருக்கள்மடத்தில் பஸ் ஏறியதிலிருந்து, இத்தாலியில் தங்குவதற்கு அழகான பண்ணை வீடுகளை போனில் தேடிக்கொண்டிருந்தேன். மலையடிவாரத்தில் ஒரு வீடு மிகவும் பிடித்துப்போனது. அதன் படத்தோடு தோழிக்கு ஒரு குரல்பதிவும் அனுப்பினேன்.

"இது எப்பிடி இரிக்கி? அண்ணாட வீட்ட ஆரு தங்கிற? ஒரேயொரு அறை, மூச்சு முட்டும்."

கல்லடிப் பாலத்தில் ஏறும்போதுதான் கவனித்தேன். அது எங்கள் குடும்பக் குழுவுக்குப் போயிருந்தது.

அழிப்பதற்குள் அண்ணாவின் பதில் வந்துவிட்டது.

"ஓம் தங்கச்சி, நம்மட வீடு சின்னந்தான். அந்தப் பண்ணை வீடு நல்லம். நான் அங்க மூணு வருசம் அறை கூட்டித் துடைச்சனான். மேல்மாடி அறைய எடுங்க. யன்னலத் திறந்தா திராட்சைத் தோட்டம் தெரியும்."

பக்கத்து இருக்கைப் பயணிக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் முகத்தை வெளியே திருப்பிக்கொண்டேன்.

இறங்கியதும் அழைத்தேன். "நாங்க உங்கட வீட்டதான் நிப்பம் அண்ணா."

"வேணாம் பிள்ள, உங்களுக்கு வசதி காணாது" என்றார். குரலில் துளிக் கோபமும் இல்லை.

ஏசியிருந்தால் அழுது மன்னிப்புக் கேட்டிருப்பேன். ஏசாத அண்ணனிடம் எப்படிக் கேட்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.