ராக்கம்மாவின் நடு சீட்

லோஜினி தன் அம்மாவுக்கு வாங்கிக் கொடுக்க நினைத்தது ஒரு ஜன்னல் சீட். நகை இல்லை, பட்டுச் சேலை இல்லை. கொழும்பிலிருந்து திருச்சிக்குப் போகும் விமானத்தில் கண்ணாடியோரம் ஓர் இடம். எட்டு வயதில் மனதுக்குள் சொல்லிக்கொண்டது. நிறைவேற்றுகிற நிலைக்கு வர இருபத்தெட்டு வருடம் பிடித்தது.

அம்மா ராக்கம்மா கண்டிப் பக்கம் கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். பதினாறு வயதில் கொழுந்து பறிக்கப் பேர் பதிந்தாள். இருபதில் அதே தோட்டத்துக் கறுப்பையாவைக் கட்டினாள். தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு, லோஜினிக்கு நாலு வயதாக இருக்கும்போது, வீட்டு வேலைக்கென்று குவைத்துக்குப் போனாள். நாலு வருடம் கழித்துத் திரும்பி வந்து, மறுவாரமே பழைய மலையில் பழைய நிரையில் கூடையோடு நின்றாள். ஐம்பத்தைந்து வயதில் வேலையை விட்டு நிற்கும்வரை அதே மலைதான். ராக்கம்மாவைப் பற்றி யாரைக் கேட்டாலும் இவ்வளவுதான் சொல்வார்கள். ஆனால் அவளிடம் ஒரு கதை இருந்தது. பிளேன் ஏறிய கதை. அந்த லயத்து வரிசை வீடுகளிலிருந்து முதலில் பிளேன் ஏறியவள் அவள்தான்.

கல்யாண வீட்டில் தேங்காய் துருவும்போதோ, வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமையிலோ, "ராக்கு, அந்த பெல்ட்டுக் கதையச் சொல்லு" என்று யாராவது கேட்பார்கள். கேட்கட்டும் என்றே காத்திருந்தவள் மாதிரி ஆரம்பிப்பாள்.

"பெல்ட்டப் போடுங்கன்னு ஒரு பொண்ணு வந்து சொல்லுது. நமக்கு என்னா தெரியும்? மலைக்குப் போறப்ப இடுப்புல படங்குச் சாக்கு கட்டுவோமே, அது மாதிரி ரெண்டு நுனியையும் இழுத்து, சுத்தி, முடிச்சுப் போட்டுட்டேன். மழையில நனைஞ்சாலும் அவுறாத முடிச்சு. குவைத்துல எல்லாரும் எறங்கிட்டாங்க. நான் மட்டும் உக்காந்திருக்கேன். ரெண்டு பொண்ணுங்க, ஒரு ஆம்பள, மூணு பேரு சேந்து அவுத்தாங்க."

அடுத்தது துண்டு. "இடுக்கியில புடிச்சு, ஆவி பறக்க, வெள்ளையா உருட்டுன சாமான் ஒண்ணு குடுத்தாங்க. பக்கத்துல மஸீனா லாத்தா, கலகெதர முஸ்லிம் அக்கா. பிட்டுன்னு நெனச்சு ஒரு கடி கடிச்சிருச்சு. அது மூஞ்சி தொடைக்கிற துண்டு. 'தேங்காப்பூ பத்தாதே'ன்னு ஏங்கிட்ட சொல்லுது."

எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு, கடைசியாக ஒன்று சொல்வாள். "எல்லாம் சரி, ஜன்னல் சீட்டு மட்டும் கெடைக்கல. லாத்தா புடிச்சிருச்சு. நான் நடுவுல மாட்டிக்கிட்டேன். இல்லாட்டி கலஹா மலையப் பாத்திருப்பேன்."

"பாத்திருந்தா நீ அங்கயே எறங்கி வீட்டுக்கு வந்திருப்ப" என்று யாராவது சொல்வார்கள். கதை அத்தோடு முடியும்.

லோஜினியின் நினைவிலும் அந்த நாளின் ஒரு துணுக்கு இருந்தது. தோட்டத்தில் ஒருவர் வெளிநாடு போனால் ஒரு வேன் நிறையச் சனம் கட்டுநாயக்கா விமான நிலையம் வரை போவது வழக்கம். சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு, அழுகிறவர்கள் அழுதுகொண்டு, வாந்தி எடுக்கிறவர்கள் எடுத்துக்கொண்டு. வேன்காரருக்கு ஓர் இடம் தெரிந்திருந்தது. விமானம் ஓடி வந்து திரும்புகிற முனைக்கு அருகே, தென்னந்தோட்டத்துக்கும் கம்பி வேலிக்கும் நடுவே ஒரு மண் ரோடு. "இடது பக்கம் ஜன்னல்ல உக்காந்தீங்கன்னா எங்களப் பாக்கலாம்" என்று ராக்கம்மாவிடம் சொல்லி வைத்திருந்தார். அப்பா அம்மாவின் கல்யாணச் சேலையை எடுத்து வந்திருந்தார். நல்ல சிவப்பு. லோஜினியைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு அதை விரித்து ஆட்டினார். தலைக்கு மேலே சிவப்பு படபடத்தது, காதைப் பிளக்கும் சத்தம், பிறகு ஒன்றுமில்லை. "அம்மா பாத்துட்டா" என்றார் அப்பா.

அம்மா திரும்பி வந்து முதல் தடவை அந்தக் கதையைச் சொன்னபோது லோஜினிக்கு எட்டு வயது. "அப்ப செவப்புச் சேலை தெரியலயாம்மா?" என்று கேட்டாள்.

"எங்க சாமி தெரியும்? நான் நடுவுலல்ல இருந்தேன்."

அப்பா எழுந்து வெளியே போனார். அன்றைக்குத்தான் லோஜினி மனதுக்குள் அந்த ஜன்னல் சீட்டை வாங்கினாள்.

பிறகு படித்தாள். குடும்பத்தில் முதல் ஆளாகப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போனாள். விடுதியில் மற்றப் பிள்ளைகள் தங்கள் வீட்டைப் பற்றிப் பேசும்போது அவளிடம் சொல்ல அதிகம் இருக்கவில்லை. இருந்தவற்றைச் சொல்ல வெட்கமாக இருந்தது. பெல்ட்டுக் கதையை மட்டும் தயங்காமல் சொன்னாள். எல்லோரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். "லோஜி, இன்னொருக்காச் சொல்லு" என்றார்கள். சொல்லச் சொல்ல அவளுக்கு அது நன்றாகக் கைவந்தது. மூன்று பேர் முடிச்சு அவிழ்த்தது அவள் வாயில் ஐந்து பேர் ஆனது.

பட்டம் வாங்கி, வேலை இல்லாமல் சில வருடம் அலைந்து, கடைசியில் கலகெதரப் பக்கம் ஓர் அரச அலுவலகத்தில் சேர்ந்தாள். அதற்குள் அப்பா காலமாகிவிட்டார். இந்த வருடம்தான் அம்மாவுக்குப் பாஸ்போர்ட் எடுத்து, சமயபுரத்துக்குக் கூட்டிப்போக நாள் பார்த்தாள். டிக்கெட் போட்டாயிற்று. இருக்கை எண் தேர்ந்தெடுப்பது மட்டும் பாக்கி.

அந்த மகிழ்ச்சியில்தான் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அலுவலகத்திலும் கதையைச் சொன்னாள். எதிரே இருந்த ஷஹ்மா சோற்றில் கை வைத்தபடி நிமிர்ந்தாள்.

"நில்லுங்க லோஜினி. இது எங்கட மாமி செல்ற கதையாச்சே. ஆனா மாமிட கதையில துண்டக் கடிச்சது ஒரு தோட்டத்துப் பொம்புள."

"உங்க மாமி பேர் என்ன?"

"மஸீனா."

மறுநாள் அரை நாள் லீவு போட்டு ஷஹ்மாவோடு போனாள். முற்றத்தில் பாயில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. கதிரையில் உட்கார்ந்திருந்த பருமனான பெண் லோஜினியின் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

"ராக்கம்மாட மகளா? வாங்க மகள், இரிங்க. எனக்கு முழங்கால் வருத்தம், எழும்ப ஏலா. உம்மா சொகமா இரிக்காவா? குவைத் எயார்போட்ல பிரிஞ்சதுதான். அவவ ஒரு வீட்டுக்காரர் கூட்டிக்கொண்டு போன, என்னைய இன்னொரு வீட்டுக்காரர். பொறகு காணவே இல்ல."

"துண்டக் கடிச்சது யாரு ஆன்ட்டி? உண்மையச் சொல்லுங்க."

"ஒங்கட உம்மாதான். வேற யாரு? அவ நான் எண்டா செல்றா?" மஸீனா உடம்பு குலுங்கச் சிரித்தாள். "சரி, ஆளுக்கொரு கடி எண்டு வெச்சுக்கொள்ளுவோம்."

இஞ்சி போட்ட பிளேன்டீ வந்தது. லோஜினிக்கு மனம் நிறைந்திருந்தது. மஸீனாவைத் திருச்சி போகுமுன் ஒருநாள் கலஹாவுக்குக் கூட்டிப்போக வேண்டும், அம்மா திடுக்கிட்டுப் போவாள் என்று நினைத்துக்கொண்டாள். விளையாட்டாகச் சொன்னாள், "இந்தத் தடவ அம்மாவுக்கு ஜன்னல் சீட் எடுக்கப் போறேன். அன்னைக்கு நீங்க புடிச்சிக்கிட்டீங்களாமே."

"நானா?" மஸீனா கோப்பையைக் கீழே வைத்தாள். "அல்லாஹ்க்குப் பொதுவாச் செல்றேன், அந்த சீட் அவக்குத்தான் கெடச்ச. கொஞ்ச நேரம் கண்ணாடியோட மொகத்த ஒட்டி வெச்சுக்கொண்டு இருந்தா. பிளேன் ஊரத் தொடங்கினதும் எழும்பி, 'லாத்தா, எனக்குத் தல சுத்துது, நீங்க இங்கிட்டு வாங்க' எண்டு செல்லி மாறின."

லோஜினி சிரித்த முகத்தை அப்படியே வைத்திருந்தாள்.

"பொறகு பிளேன் அந்த மொனையில திரும்பி நிண்ட. வேலிக்கு அங்கால ஒரு வேன், கொஞ்சம் சனம். ஒரு ஆள் செவப்பு சாரி ஒண்ட விரிச்சு ஆட்டுறார். தோள்ல சின்னப் புள்ள ஒண்டு. நான் ஒங்கட உம்மாட கையத் தட்டிக் கேட்டேன், 'பாருங்க, ஒங்கட ஆக்களா?' எண்டு. 'இல்ல லாத்தா, எங்க ஆளுக இல்ல. எனக்குப் புள்ளயே இல்ல' எண்டா. செல்லிட்டுக் கண்ண மூடிக்கொண்டா."

ஷஹ்மா தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் ரெண்டு புள்ளயள விட்டுட்டுப் போனவ மகள். வழி முழுக்க அழுகதான். அவதான் என்ட தலயத் தடவிக்கொண்டு வந்த. இவக்கென்ன, புள்ள குட்டி இல்ல, அதான் இவ்வளவு தைரியம் எண்டு நான் நெனச்சேன். சாப்பாட்டோட வந்த சின்னக் கரண்டியத் தொடச்சு பேக்ல வெச்சா. யாருக்கு எண்டு கேட்டேன். சும்மா எண்டா." மஸீனா லோஜினியின் முகத்தை அன்போடு பார்த்தாள். "நீங்க பொறகு பொறந்ததா மகள்? அவ வந்த பொறகு?"

லோஜினிக்கு முப்பத்தாறு வயது. அலுவலகத்தில் அவளுக்குப் பக்கத்து மேசைக்காரியான ஷஹ்மாவுக்கு அது தெரியும்.

"ஆமா ஆன்ட்டி" என்றாள் லோஜினி. "பிறகுதான்."

"அதான். சின்ன வயசாத் தெரியுது."

கண்டிக்கு வரும் பஸ்ஸில் மடியில் மஸீனா கொடுத்தனுப்பிய தொதல் இனிப்புப் பார்சல் இருந்தது. ஏன் ஆமாம் என்றோம் என்று லோஜினிக்கு விளங்கவில்லை. அம்மாவைக் காப்பாற்றவா, இல்லை தன்னைப் பார்த்து மஸீனா பரிதாபப்படுவதைத் தாங்க முடியாமலா? அந்தக் கரண்டியை அவளுக்குத் தெரியும். எட்டு வயதிலிருந்து அதில்தான் தேநீருக்குச் சீனி கலக்கினாள். யாருக்கு என்று அவள் கேட்டதில்லை. கதையில் அது வராததால் கேட்கத் தோன்றவில்லை. விடுதியில் எத்தனை தடவை அந்தக் கதையைச் சொல்லியிருப்பாள்? நடு சீட் என்ற இடம் வரும்போது ஒவ்வொரு தடவையும் ஒரு நொடி நிறுத்தி, முகத்தைச் சோகமாக வைத்து, சிரிப்பை வாங்கியிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. ராக்கம்மா பார்சலைப் பிரித்தாள்.

"தொதலா? யாரு குடுத்தா?"

"கலகெதர மஸீனா லாத்தா."

ராக்கம்மாவின் கை நின்றது. கொஞ்ச நேரம் பார்சல் நூலை விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள்.

"என்னா சொல்லுச்சு?"

"நீங்க வந்த பெறகுதான் நான் பொறந்தேன்னு நெனச்சிக்கிட்டு இருக்காங்க."

"நீ என்னா சொன்ன?"

"ஆமான்னு சொன்னேன்."

ராக்கம்மா சுவரோரம் தரையில் உட்கார்ந்தாள். பேச ஆரம்பித்தபோது கதை சொல்கிற குரல் இல்லை.

"ஏஜென்டுதான் சொன்னான். சின்னப் புள்ள இருக்கவள அங்க எடுக்க மாட்டாங்க, நெனச்சு நெனச்சு அழுவாளுகன்னு திருப்பி அனுப்பிருவாங்க, கூட வர்றவகிட்டயும் வாயத் தொறக்காதன்னான். ஃபாரத்துல புள்ள இல்லன்னு எழுதி, ஏங்கிட்ட ஒப்பம் வாங்கிட்டான். ஜன்னல்ல இருந்தா ஒங்களப் பாப்பேன். பாத்தா கத்திருவேன். அதுக்குத்தான் மாறுனேன். அது தட்டித் தட்டிக் கூப்புடுது. ஒரு தடவ கண்ணத் தொறந்திருக்கலாம். ஒண்ணும் ஆயிருக்காது. லாத்தா நல்ல மனுசி, யாருகிட்டயும் சொல்லியிருக்காது."

"அப்பாகிட்ட சொன்னீங்களா?"

"எப்புடிச் சொல்றது? சேலைய ஆட்டுன மனுசன். அவருகிட்டயும் நடு சீட்டுன்னுதான் சொன்னேன். அதுலருந்து யாரு கேட்டாலும் பெல்ட்டு, துண்டுன்னு சொல்லிச் சிரிக்க வச்சிருவேன். சிரிச்சுக்கிட்டு இருக்கவங்க வேற எதையும் கேக்க மாட்டாங்கல்ல."

லோஜினியும் கேட்கவில்லைதான். அப்பாவும் எழுந்து வெளியே போனாரே தவிரக் கேட்கவில்லை. இப்போது அவர் இல்லை.

ராக்கம்மா கையை நீட்டினாள். "லாத்தா நம்பர் இருக்கா? போட்டுக் குடு. அந்தப் புள்ள எம்புள்ளதான்னு நானே சொல்லிர்றேன்."

லோஜினி போட்டுக் கொடுத்தாள். மஸீனாவின் குரல் அறை முழுக்கக் கேட்டது. சீனி வருத்தம், முழங்கால், சவூதியில் இருக்கும் மகன், மகள் ஒங்கள மாதிரியே இரிக்கா ராக்கம்மா, ஒரே மொகம். ராக்கம்மா "ஆமா லாத்தா, ஆமா லாத்தா" என்றாள். இரண்டு தடவை மூச்சை இழுத்தாள்.

"லாத்தா, அன்னைக்குப் பிளேன்ல, வேலிகிட்ட ஒரு..."

"எந்த வேலி?"

"அந்தச் செவப்பு..."

"இரிங்க, மஃரிப் தொழுகைக்குப் பாங்கு செல்லுது. பொறகு எடுக்கிறேன், என்ன?"

"சரி லாத்தா. பொறகு பேசுவோம்."

ராக்கம்மா போனைக் கீழே வைத்தாள். மஸீனா அன்று திரும்ப அழைக்கவில்லை. ராக்கம்மாவும் மறுபடி போட்டுத் தரச் சொல்லவில்லை.

லோஜினி அவள் பக்கத்தில் உட்கார்ந்து, விமானத்தின் இருக்கைப் படத்தைத் திரையில் திறந்தாள். நீலக் கட்டங்கள் நிறையக் காலியாக இருந்தன. இத்தனை வருடம் வாங்கிவைத்திருந்த இடத்தை விரலால் காட்டினாள். "அம்மா, இது ஜன்னல். போடவா?"

ராக்கம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். பிறகு லோஜினியின் விரலைப் பிடித்துப் பக்கத்துக் கட்டத்துக்கு நகர்த்தினாள்.

"எனக்கு நடுவுலயே போடு. ஜன்னல்ல நீ உக்காரு. வேலிகிட்ட யாராச்சும் நின்னு கையக் காட்டுனா, நம்ம ஆளுக இல்லாட்டியும் நீ காட்டிரு."