தவமணி அக்காவும் முப்பத்தேழாவது பொட்டலமும்

நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள், இல்லையா? அக்காவுக்கு மூச்சிழுப்பு கொஞ்சம் கூடிவிட்டது, இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்துவிட்டு விடுவார்கள், வெள்ளிக்கிழமை கோயிலுக்கு மாலை கட்ட வந்துவிடுவார் என்று. நானும் அந்த நம்பிக்கையில்தான் சிட்னியில் பென்டில் ஹில் கடையில் பாகற்காய் பொறுக்கிக்கொண்டு நின்றேன். அக்காவின் மகன் சுதன் போன் எடுத்தான். "அன்ரி, அம்மா போயிட்டா" என்றான். கையில் பாகற்காயோடு தெருவுக்கு வந்துவிட்டேன். கடைக்காரப் பெடியன் பின்னால் ஓடிவந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அன்ரி, பை தரட்டோ?" என்று மட்டும் கேட்டான்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு என்னை எழுதித் தரச் சொன்னவனும் சுதன்தான். "நான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில எட்டாம் வகுப்பு வரைக்கும் படிச்சனான் தம்பி. எனக்குக் கதைக்கத்தான் தெரியும்" என்றேன்.

"அப்ப கதையுங்கோ அன்ரி. ஆனா அம்மா எங்க வேலை செய்தவா எண்டதையும் எழுதவேணும்."

"ஐயோ, அது வேண்டாமடா. கோயில் ஆக்கள் வாசிப்பினம்."

"வாசிக்கத்தானே அன்ரி புத்தகம் அடிக்கிறம்."

அன்றிலிருந்து எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டுதான் இருக்கிறேன். எழுதினாலும் பயம், எழுதாமல் விட்டாலும் பயம். அம்மாளாச்சியை நினைத்துக்கொண்டு சொல்லிவிடுகிறேன். தவமணி அக்கா நகரத்தில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறார் என்றுதானே நாமெல்லோரும் நினைத்திருந்தோம். அது ஹோட்டல் இல்லை, கசினோ. அங்கே ருலெட் மேசையில் சக்கரத்தைச் சுழற்றிப் பந்தை விடுகிற வேலை. பத்தொன்பது வருடம் அதைச் செய்துதான் தகப்பன் இல்லாத பிள்ளையைப் படிப்பித்து ஆளாக்கினார்.

கோயிலில் மாலை கட்டி முடித்ததும் அக்கா என்ன செய்வார், ஞாபகம் இருக்கிறதா? இரண்டு கையையும் ஒருதரம் மெல்லத் தட்டி, உள்ளங்கைகளை விரித்து மேலே காட்டிவிட்டுத்தான் எழும்புவார். அது ஏதோ விரதக்காரரின் முறையாக்கும் என்று நானும் செய்யத் தொடங்கினேன். என்னைப் பார்த்து மற்றப் பெண்களும் செய்தார்கள். ஒருநாள் எட்டுப் பேர் வரிசையாகக் கை தட்டி விரித்ததைப் பார்த்து அக்காவுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. புரையேறித் தண்ணீர் குடித்தார். பூ எண்ணும்போதும் "பதினேழு, முப்பத்துநாலு, ஐம்பத்தொண்டு, அறுபத்தெட்டு" என்று முணுமுணுப்பார். ஏதோ மந்திரக் கணக்கு என்றுதான் நாங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தோம். இந்த இரண்டும் எங்கே படித்தவை என்பது இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, கிரவீனில் எங்கள் வீட்டுக் குசினியில்தான் எனக்குத் தெரிந்தது.

அதைச் சொல்ல வேண்டுமென்றால் என் வீட்டுக்காரரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவரும் எழுதச் சொல்லித் தலையாட்டிவிட்டார். தொழிற்சாலை வேலையை விட்டதும் அவருடைய சூப்பர் பணம், அதாவது வேலைக்காலம் முழுவதும் பிடித்து வைத்த ஓய்வுப் பணம், கைக்கு வருகிற நிலை. பதினாலு வருடமாக வாடகை வீடு. எனக்கென்று ஒரு சாமியறை இல்லை. அலுமாரியின் ஒரு தட்டில் அம்மாள் இருக்கிறா, கீழ்த்தட்டில் போர்வைகள். அந்தப் பணம் ஒரு வீட்டுக்கு முற்பணமாகக் கூடக் காணாது என்று அவருக்கு ஏக்கம். அந்த ஏக்கத்தில்தான் கைபேசி வீடியோவில் ஒரு கணக்கைப் பிடித்தார். சிவப்பும் கறுப்புமான ருலெட் மேசையில் காசைச் சிவப்பில் வைக்க வேண்டும். தோற்றால் இரட்டிப்பாக வைக்க வேண்டும். திரும்பவும் தோற்றால் அதற்கும் இரட்டிப்பு. என்றோ ஒருதரம் சிவப்பு வந்துதானே ஆக வேண்டும், வந்தால் விட்டதெல்லாம் திரும்பி வந்து மேலே கொஞ்சமும் மிஞ்சும். சின்னக் காசில் பதினொரு தடவை போய்ப் பார்த்தார். பதினொரு தடவையும் வென்று வந்தார். எனக்கு அதுதான் பெரிய பயம். தோற்று வந்திருந்தால் சண்டை பிடித்திருப்பேன். வென்று வந்தவரிடம் என்ன சொல்வது?

வருகிற திங்கட்கிழமை பெருங்காசோடு போகப்போகிறேன் என்றார். நான் அம்மாளுக்கு முன்னால் இரண்டு பொட்டலத்தில் பூக்கட்டிப் பார்த்தேன். வெள்ளைப் பூ வந்தால் போகட்டும், சிவப்பு வந்தால் வேண்டாம். வெள்ளை வந்தது என்று அவரிடம் சொன்னேன். அவர் சந்தோஷமாகப் போய்ச் சட்டையை இஸ்திரி போட்டார்.

சனிக்கிழமை அக்கா எங்கள் வீட்டுக்கு மாலை கட்ட வந்தார். அடுத்த நாள் கோயிலில் அபிஷேகம், நிறையப் பூ. நான் ஊசியைக் குத்திக் குத்தி விரலெல்லாம் இரத்தம்.

"என்ன பிள்ளை, முகம் செத்துப்போய் இருக்கு?"

சொல்லிவிட்டேன். கொட்டித் தீர்த்துவிட்டேன். அக்கா மாலையைக் கீழே வைத்தார்.

"அம்மாள் வெள்ளைப் பூவே தந்தவா?"

"ஓம் அக்கா."

"எத்தினை தரம் கட்டிப் பாத்தனீர்?"

முதல்தரம் வந்தது சிவப்பு. பொட்டலத்தைச் சரியாக மடிக்கவில்லை என்று என்னையே ஏமாற்றிக்கொண்டு இரண்டாந்தரம் கட்டினேன், வெள்ளை. அப்படியானால் மூன்றில் எது கூட என்று பார்ப்போம் என்று மூன்றாந்தரமும் கட்டினேன், வெள்ளை. அந்தச் சாமியறை ஆசை அப்படி. இதை நான் எவருக்கும் சொல்லவில்லை, அவருக்கும் சொல்லவில்லை. அக்காவுக்குச் சொன்னேன்.

"அவரும் அதைத்தானே செய்யிறார் பிள்ளை" என்றார் அக்கா. "மாட்டன் எண்டு பதில் வந்தா, வாற வரைக்கும் திரும்பத் திரும்பக் கேக்கிறார்." பிறகு இவர் இருந்த ஹோல் பக்கம் திரும்பி, "தம்பி, இஞ்ச ஒருக்கா வாங்கோ!" என்று கூப்பிட்டார்.

தபால்பெட்டியில் விழுகிற கடை விளம்பரத் தாள்களைச் சின்னச் சதுரமாக வெட்டினார். பதினெட்டுப் பொட்டலத்தில் சிவப்புப் பூ. பதினெட்டில் வெள்ளை. கறுப்புக்குப் பதிலாக வெள்ளை என்றார். பிறகு யன்னலோரச் சாடியில் கை நீட்டி ஒரு கறிவேப்பிலையைக் கிள்ளி முப்பத்தேழாவது பொட்டலத்தில் வைத்து மடித்தார், சக்கரத்தில் சிவப்புமில்லாமல் கறுப்புமில்லாமல் இருக்கிற ஒற்றைப் பச்சைப் பூச்சியம் இதுதானாம். எல்லாவற்றையும் பெரிய சருவச்சட்டியில் போட்டுக் குலுக்கினார். ஆளுக்கொரு கிண்ணம் கொண்டைக்கடலை. ஒருதரத்துக்கு அறுபத்துநாலு கடலைக்கு மேல் வைக்கக்கூடாது, அங்கேயும் மேசைக்கு ஒரு எல்லை இருக்கிறது என்றார். ஒரு பொட்டலம் எடுப்பது, பிரித்துப் பார்ப்பது, மடித்துத் திரும்பப் போடுவது. நிறம் சரியென்றால் வைத்த அளவு கடலை கிடைக்கும். கறிவேப்பிலை வந்தால் சிவப்பில் வைத்ததும் போச்சு, வெள்ளையில் வைத்ததும் போச்சு.

முதல் ஒரு மணித்தியாலம் என்ன நடந்தது தெரியுமா? என் வீட்டுக்காரர் வென்றுகொண்டே இருந்தார்! கிண்ணம் நிரம்பிவிட்டது. "பாத்தீங்களே அக்கா! உங்கட கறிவேப்பிலையைக் குழம்புக்குப் போடுங்கோ" என்று கடலை ஒன்றை எடுத்து வாயில் போட்டார். அக்கா உதவி செய்ய வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டாரே என்று மனதுக்குள் திட்டினேன். அம்மாள் என்னை மன்னிக்க வேண்டும்.

அக்கா அசையவில்லை. "சரி தம்பி, கெட்டிக்காரன். இனி இடம் மாறுவம். நீங்கள் மேசைக்காரன். நாங்கள் ரெண்டு பேரும் விளையாடுறம். நீங்கள் ஒரு கணக்கும் போடவேண்டாம். வெண்டால் தாங்கோ, தோத்தால் எடுங்கோ."

நான் இரட்டிக்கிற கணக்கில் விளையாடினேன். அக்கா என் வீட்டுக்காரர் கொப்பியில் எழுதி வைத்திருந்த இன்னொரு கணக்கில் விளையாடினார், தோற்றால் ஒன்று கூட்டி வென்றால் ஒன்று குறைக்கிற கணக்கு. மத்தியானம் சாப்பிடவில்லை. பின்னேரம் வரை எடுத்துக்கொண்டே இருந்தோம். நான் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் "அம்மாளாச்சி" என்று கும்பிட்டுத்தான் பிரித்தேன். எனக்கும் சின்னச் சின்ன வெற்றிகள் வந்தபடிதான் இருந்தன. பிறகு ஏழுதரம் தொடர்ந்து தோற்றேன். ஒன்று, இரண்டு, நாலு, எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு, அறுபத்துநாலு. ஏழாவதாக வந்தது கறிவேப்பிலை. இனி இரட்டிக்க எல்லை விடாது, விட்டாலும் கிண்ணத்தில் கடலை இல்லை. அக்காவின் கிண்ணமும் மெல்ல மெல்ல வற்றிப் போயிருந்தது. கடலைக்காக அழுத பொம்பிளை இந்தச் சிட்னியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

"ஏனப்பா அழுறீர்? கடலைதானே!" என்றார் இவர்.

"திங்கக்கிழமை அது கடலையே?" என்று கேட்டேன்.

அவருக்கு முன்னால் கடலை குவிந்து கிடந்தது. அதில் ஒரு பிடியை அள்ளித் திரும்பப் போட்டுவிட்டு, "இதுக்கு ஒரு கெட்டித்தனமும் தேவையில்லையே அக்கா. நான் சும்மா இருந்தனான்" என்றார்.

"ஓம் தம்பி. அங்கயும் சும்மாதான் இருக்கினம். ஆர் என்ன கணக்கோட வந்தாலும் அவைக்குப் பிரச்சினை இல்லை. கணக்கு எழுதக் கடதாசியும் பென்சிலும் குடுக்கிறவை அவையேதான். உங்கட கணக்கு தோல்வியைக் குறைக்கேல்லை. பதினொரு நாள் தோல்வியைச் சேத்து ஒரு நாளுக்கு எண்டு எடுத்து வைச்சிருக்கு."

"ஏழுதரம் பிழைச்சா எட்டாந்தரம் வரத்தானே வேணும்?"

"அது உங்களுக்கு ஞாபகம். பந்துக்கு ஞாபகமில்லை."

இப்படிச் சொல்லிக்கொண்டே அக்கா மேசையில் சிதறிய கடலைகளை விரலால் கூட்டினார். பார்க்காமலேயே இருபது இருபதாகப் பிரித்தார். ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. கடைசியில் கையைத் தட்டி உள்ளங்கையை விரித்தார். அதை நான் நூறுதரம் பார்த்திருக்கிறேன். இவர் முகம் மாறிவிட்டது.

"அக்கா... உங்களுக்கு இது எங்க பழக்கம்?"

"நான் அங்கதான் வேலை தம்பி. மேசையை விட்டு எழும்பேக்க கையில ஒண்டும் இல்லையெண்டு கமராவுக்குக் காட்டவேணும். பதினேழாம் வாய்பாடும் அங்க வெண்ட ஆக்களுக்குக் காசு எண்ணிக் குடுக்கப் படிச்சதுதான். உங்களை நாலுதரம் கண்டனான். தெரிஞ்ச ஆள் எண்டு சொல்லி மேசை மாத்திக் கேட்டுப் போனனான். நீங்கள் என்ர முகத்தைப் பாக்கேல்லை, பந்தைத்தான் பாத்தனீங்கள்."

பிறகு என்னைப் பார்த்து, "கோயிலில சொல்லாதையும் பிள்ளை. அந்தக் காசில வாழுற கையால அம்மாளுக்கு மாலை எதுக்கெண்டு கேப்பினம். அதுக்கு என்னட்டப் பதில் இல்லை" என்றார். அத்தனை வருடம் மறைத்து வைத்ததை எங்களுக்காக அன்று வெளியே எடுத்தார். நான் சொல்லவில்லை. இன்றுதான், சுதனின் அனுமதியோடு சொல்கிறேன். பதில் வேண்டுமென்றால் நான் சொல்கிறேன்: அந்தக் கையால்தான் என் வீடு நின்றது.

ஆனால் அன்றே எல்லாம் சரியாகிவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அபிஷேகத்துக்கு இவர் வரவில்லை. திங்கட்கிழமை காலையில் இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டார். "எங்க?" என்றேன். "சும்மா" என்றார். போன் எடுத்தால் எடுக்கவில்லை. பூக்கட்டிப் பார்க்கப் பூவை எடுத்தும் விட்டேன். பிறகு முதல்தரம் வந்த சிவப்பை நினைத்துப் பூவை அம்மாளின் காலடியில் வைத்துவிட்டுச் சும்மா இருந்தேன். மூன்று மணியளவில் வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "வாசல் வரைக்கும் போனனான். உள்ள போகேலாமப் போச்சு. தேத்தண்ணி போடுமப்பா" என்றார். ஏன் போக முடியவில்லை என்று இன்றுவரை சொல்லவில்லை.

நாங்கள் இன்னும் அதே வாடகை வீட்டில்தான். அக்காவைத் தகனம் செய்துவிட்டு வந்த கிழமை, இவருடைய கைபேசியில் மறுபடியும் அந்தச் சக்கரம் சுழலுகிற சத்தம். "இது வேறை கணக்கு" என்கிறார். ஐந்துதரம் தொடர்ந்து கறுப்பு விழும்வரை பார்த்திருந்து அதன்பிறகு சிவப்பில் வைப்பதாம். "பந்துக்கு ஞாபகமில்லை" என்று நான் சொன்னேன். என் வாயில் வந்தாலும் அது அக்காவின் குரலாகத்தான் கேட்டிருக்க வேண்டும், போனைக் கவிழ்த்து வைத்தார். நாளைக்கு என்ன செய்வாரோ தெரியாது. இனி யாரைக் கூப்பிட்டு மேசையில் இருத்துவேன் என்பதுதான் என் பயம்.

அக்காவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது ஒன்றுதான். அம்மாளிடம் இப்போதெல்லாம் ஒருதரம்தான் கேட்கிறேன். வந்த பதிலோடு எழும்பிவிடுகிறேன். அது எவ்வளவு கஷ்டம் என்பது நீங்களும் ஒருதரம் மட்டும் கேட்டுப் பார்த்தால் தெரியும்.

இதை எழுதி மடிக்கும்போதுதான் ஒன்று ஞாபகம் வருகிறது. அந்தத் திங்கட்கிழமை இவர் வந்த கையோடு நான் அக்காவுக்குப் போன் எடுத்தேன். பின்னால் ரயில் அறிவிப்புச் சத்தம் கேட்டது. நான் வாய் திறக்க முன்னமே, "வந்திட்டாரே பிள்ளை?" என்று கேட்டார். எங்கே நிற்கிறீர்கள் என்றதற்கு, "வேலையால வாறன்" என்றார். அக்காவுக்குத் திங்கட்கிழமை லீவு. பத்தொன்பது வருடமும் திங்கட்கிழமைதான் லீவு.