கேரவன் குளியலறையில் உடைந்த கனெக்டர்

சினிமாப் படப்பிடிப்புகளுக்கு வாடகைக்குப் போகும் கேரவன் ஒன்றில் நான் டிரைவராக இருந்தேன். வண்டி மதுரை முதலாளியுடையது. நான் விருதுநகர்க்காரன் என்பதால் சிவகாசி, சாத்தூர்ப் பக்கம் ஷூட்டிங் என்றால் என்னைத்தான் அனுப்புவார். வண்டிக்குள் ஷவர் உண்டு, கூரையில் தண்ணீர்த் தொட்டி உண்டு. அவற்றைப் பார்த்துக்கொள்வதும் என் பொறுப்பு. எனக்கு வண்டி ஓட்டத் தெரியும். குழாய் வேலை தெரியாது.

அன்று சாத்தூர் அருகே ஒரு கிராமத்தில், பட்டாசு ஆலை வெடித்த பிறகு நடக்கும் காட்சியை எடுத்தார்கள். அம்மா வேஷம் போட்டவருக்கு அறுபது வயதிருக்கும். முகத்திலும் தலைமுடியிலும் கரியை அப்பியிருந்தார்கள். மதியம் காட்சி முடிந்து குளிக்கப் போனவர், கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட்டார். நைட்டியை மாட்டிக்கொண்டு, தலை நிறைய ஷாம்பு நுரையோடு நின்றார். ஷவரில் தண்ணீர் வரவில்லை. கரியும் நுரையும் கண்ணுக்குள் வழிந்துகொண்டிருந்தன.

குளியலறைக் குழாயை மறைத்திருந்த பலகையைக் கழற்றிப் பார்த்தேன். ஷவர் குழாயைத் தொட்டிக் குழாயோடு சேர்க்கும் பிளாஸ்டிக் கனெக்டரிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்தது. தொட்டியின் வால்வைத் திருகினேன், அசையவில்லை. வெள்ளை டேப்பைச் சுற்றினேன். ஈரத்தில் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. ஸ்பேனரால் இன்னும் ஒரு சுற்று இறுக்கினேன். கனெக்டர் இரண்டாக உடைந்தது.

இரண்டு கையாலும் பொத்திப் பார்த்தேன். தொட்டித் தண்ணீர் முழுவதும் என் மேல் அடித்து, படி வழியாக இறங்கித் தெருவில் ஓடியது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் நகர்ந்து வழிவிட்டார்கள். அந்த ஊரில் வாரம் ஒருமுறைதான் குழாயில் தண்ணீர் வரும் என்று காலையில்தான் யாரோ சொல்லியிருந்தார்கள்.

“தம்பி, கண்ணைத் திறக்க முடியலப்பா” என்றார் அவர். இதோம்மா, இதோம்மா என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். என்ன செய்வதென்று ஒன்றும் புரியவில்லை.

எதிர்வீட்டுப் பெண் வண்டி வாசலுக்கு வந்தாள். பட்டாசு ஆலையில் திரி போடும் வேலைக்குப் போகிறவள்.

“அந்தம்மாவ எங்க வீட்டுக்குக் கூட்டியாங்கண்ணே. ரெண்டு குடம் தண்ணி கெடக்கு.”

உங்களுக்கு வேண்டாமா என்று கேட்டேன். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் கண்ணைக் கழுவட்டும் என்று சொல்லிவிட்டு, அவளே அவரைக் கைபிடித்து நடத்திக்கொண்டு போனாள். தகரம் மறைத்த குளிக்கும் இடத்தில் உட்கார வைத்துத் தலையை அலசிவிட்டாள். நான் சொட்டச் சொட்ட வெளியே நின்றேன்.

காட்சியில் தான் நடித்தது சரியாக இருந்ததா என்று அவர் கேட்பது காதில் விழுந்தது.

“நல்லாத்தான் அழுதீகம்மா. ஆனா நாங்க அங்கன நின்னு அழ மாட்டோம். உள்ள யாரு இருக்கான்னு பாக்க ஓடுவோம்.”

தலையைத் துவட்டிக்கொண்டு அவர் வெளியே வந்தார். இரண்டு குடமும் காலியாகக் கிடந்தன.

அந்தக் குடங்களையாவது நிரப்பிக் கொடுக்க வேண்டும் என்று படக்குழு மேனேஜரிடம் கேட்டேன். நாளைக்குத் தண்ணீர் லாரி வரும், ஊற்றச் சொல்கிறேன் என்றார். மறுநாள் ஷூட்டிங் இருக்கன்குடிப் பக்கம் மாறியது. லாரியும் அங்கேயே போய்விட்டது. நான் உடைந்த துண்டுகளோடு விருதுநகரில் கடை கடையாக ஏறி இறங்கினேன். அந்த அளவில் கனெக்டர் எங்கும் இல்லை. கடைசியில் குழாயை ஒரு மூடி போட்டு அடைத்துவிட்டு, ஷவர் வேலை செய்யாது என்று தாளில் எழுதி ஒட்டினேன்.