தெல்மாவின் சுதிக்கு

கல்யாணக் கச்சேரிகளில் இருபது வருடம் பாடியவள் ஒலிந்தா. ரொசாரியோ நகரத்தில் அவள் குரல் தெரியாத வீடு குறைவு. நாற்பத்திரண்டு வயதில், இசையால் நோயாளிகளுக்குச் சிகிச்சை தரும் படிப்பில் சேர்ந்தாள். கடைசி வருடப் பயிற்சிக்கு எங்கள் வார்டுக்குக் கிட்டாரோடு வந்தாள். இனிப் பிழைக்கமாட்டார்கள் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டவர்கள் படுத்திருக்கும் வார்டு அது. நான் அங்கே நர்ஸ். சாகிறவர்களுக்கு எதற்குக் கச்சேரி என்று முகத்துக்கு நேராகவே கேட்டேன்.

"எனக்கும் தெரியல சிஸ்டர். அதக் கத்துக்கத்தான் வந்திருக்கேன்."

அங்கே படுத்திருந்த எலாதியோ, துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அவர் கண் திறந்தே நாலு நாளாகிவிட்டது. மனைவி தெல்மா அவர் கையைப் பிடித்தபடி, அவருக்குப் பிடித்த ஆற்றுப் பாட்டை முனகிக்கொண்டிருப்பாள். போவதற்குள் தன் குரல் அவர் காதில் விழவேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை.

ஒலிந்தா அதே பாட்டை எடுத்தாள். சும்மா சொல்லக்கூடாது, உருக்கிவிட்டாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் கை தட்டினார்கள். வெளியே வந்தபோது அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"தப்புப் பண்ணிட்டேன் சிஸ்டர்."

"அதான் கை தட்டுனாங்களே, இன்னும் என்ன, மாலை போடணுமா?"

"நான் ஆரம்பிச்சதும் அந்தம்மா வாய மூடிட்டாங்க."

மறுநாள் அவள் பாடவே இல்லை. கிட்டாரை மடியில் வைத்துக் காத்திருந்தாள்.

"நீயே பாடும்மா. என் குரல் தகர டப்பா" என்றாள் தெல்மா.

"அவருக்குப் பழகுன டப்பாதானே. பாடுங்க, நான் கூடவே வாசிக்கிறேன்."

தெல்மா கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தாள். சுதி எங்கோ விழுந்தது, எந்தத் தந்தியோடும் சேரவில்லை. துளி சுதி விலகினாலும் முகம் சுளிக்கிற ஒலிந்தா, தன் தந்திகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி அந்தக் குரலுக்குக் கொண்டுவந்தாள். பாட்டு பிறந்ததே அப்படித்தான் என்பதுபோல் ஆகிவிட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்வதில் என்ன வெட்கம்.

நடுவில் தெல்மா அழுது நிறுத்தினாள். பிறகு தொடர்ந்து பாடி முடித்தாள். கொஞ்ச நேரத்தில் எலாதியோவின் மூச்சு அடங்கியது.

"நான் பாடுனது அவருக்குக் கேட்டுச்சா? ஆறுதலுக்குன்னு எதுவும் சொல்லாத" என்று ஒலிந்தாவிடம் கேட்டாள் தெல்மா.

"நீங்க கண்ண மூடியிருந்தீங்க. போர்வை மேல கிடந்த அவரோட இன்னொரு கை விரல் தாளம் போட்டுச்சும்மா. நீங்க அழுது நிறுத்துனதும் நின்னுச்சு. மறுபடி பாடுனதும் அதுவும் ஆரம்பிச்சுது."

பொய்யில்லை, நானும் பார்த்தேன்.

தெல்மா பிடித்திருந்த கையை மெல்ல வைத்தாள். எழுந்து கட்டிலைச் சுற்றிப் போய், அந்த இன்னொரு கையை எடுத்துக்கொண்டாள்.